இலக்கு எழுதும் முன் வாரத்தைக் கணக்கெடுங்கள்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஐந்து வருடம், ஒவ்வொரு ஜனவரியிலும் இலக்குகள் எழுதினேன். ஆறாவது முறை எழுத உட்கார்ந்தபோது பழைய நோட்டுகளை எல்லாம் எடுத்து வரிசையாக விரித்து வைத்தேன். ஐந்திலும் ஏறக்குறைய ஒரே பட்டியல்: தொழில்முறைத் தேர்வை முடிக்க வேண்டும், கடனை அடைக்க வேண்டும், உடம்பைக் கவனிக்க வேண்டும், அப்பாவோடு அதிக நேரம் இருக்க வேண்டும். எதுவும் நகரவில்லை. அப்பாவுக்கு மட்டும் ஐந்து வயது கூடியிருந்தது.

அதுவரை சோம்பல்தான் காரணம், மனஉறுதி போதவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் எட்டு மாதம் பல வழிகளில் முயன்று, தடுக்கி விழுந்த பிறகுதான் புரிந்தது: அந்த இலக்குகளில் ஒன்றுக்குக்கூட என் வாரத்தில் இடம் இருந்ததில்லை. இலக்குகள் தாளில் இருந்தன, நாட்கள் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தன. இரண்டையும் எப்படி இணைப்பது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்த எட்டு மாதம் உங்களுக்காவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: என்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

ஒரு நோட்டு, ஒரு பேனா, கைபேசியில் ஒரு அலாரம். பணச் செலவு அவ்வளவுதான். இதற்கென்று செயலி வாங்காதீர்கள், அச்சடித்த திட்டக் குறிப்பேடு வாங்காதீர்கள். அவற்றை அழகாக நிரப்புவதே ஒரு வேலையாகி, ஏதோ செய்துவிட்ட திருப்தி அதிலேயே வந்துவிடும். நான் அப்படி ஒரு மாதத்தை இழந்தேன்.

நோட்டில் நான்கு பக்கங்கள் உருவாகும். முதலாவது நேரப் பதிவு. இரண்டாவது இலக்குத் தாள். மூன்றாவது தினசரி குறிக்கும் கட்டம். நான்காவது வார முடிவுக் குறிப்பு. இவை நான்கையும் உங்கள் ஆவணங்களாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இல்லாவிட்டாலும் மற்றவை வேலை செய்யாது.

நேரச் செலவு இப்படி: முதல் வாரம் தினமும் 10 நிமிடம். இரண்டாவது வாரத்தில் யாரும் தொந்தரவு செய்யாத மூன்று மணி நேரம், ஒரே அமர்வில். மூன்றாவது வாரம் வீட்டையும் ஆட்களையும் தயார் செய்ய. அதன் பிறகு தினமும் ஒரு நிமிடம், வாரம் 20 நிமிடம். முதல் சுற்று 90 நாள்.

1. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் நேரத்தை மட்டும் எழுதுங்கள்

எல்லோரும் தாண்டிப் போக விரும்பும் படி இது. நானும் தாண்டினேன், இரண்டு முறை. இரண்டு முறையும் ஒரு மாதத்துக்குள் எல்லாம் சரிந்தது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

வாரத்துக்கு 168 மணி நேரம். பணக்காரர், ஏழை, மாணவர், ஓய்வு பெற்றவர் எல்லோருக்கும் அதே 168. அவை எங்கே போகின்றன என்று நமக்குத் தெரியும் என்று நினைக்கிறோம். தெரியாது. என்னைக் கேட்டிருந்தால் எனக்கென்று வாரம் 30 மணி நேரம் இருக்கிறது என்று சத்தியம் செய்திருப்பேன். எழுதிப் பார்த்ததில் வந்த கணக்கு: தூக்கம் 49, வேலையும் அதற்கான பயணமும் 66, குளியல், சாப்பாடு, கிளம்புவது 17, வீட்டு வேலை 15. மொத்தம் 147. மிச்சம் 21. அந்த 21-லும் 13 மணி நேரம் கைபேசியில், பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாகப் போயிருந்தது. அப்பாவோடு உட்கார்ந்து பேசிய நேரத்தைத் தனியாகக் கூட்டினேன். ஏழு நாளில் 25 நிமிடம்.

எழுதும் முறை எளிது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அலாரம் வையுங்கள். அடித்ததும் கடந்த இரண்டு மணி நேரம் என்ன செய்தீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள். இரவில் படுக்கும் முன் மொத்தமாக எழுதலாம் என்று விடாதீர்கள். நினைவு நமக்குச் சாதகமாகவே கணக்குச் சொல்லும். கைபேசி நேரத்தை நீங்கள் ஊகிக்கவே வேண்டாம். திரைநேரம் காட்டும் வசதி இன்றைய கைபேசிகளின் அமைப்புகளுக்குள்ளேயே இருக்கிறது, அதில் வரும் எண்ணை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எழுதத் தொடங்கியதும் உங்களை அறியாமலே திருந்த ஆரம்பிப்பீர்கள். அந்த வாரம் மட்டும் சீக்கிரம் எழுவீர்கள், கைபேசியைத் தொடமாட்டீர்கள். அப்படிக் கிடைத்த கணக்கை வைத்துத் திட்டம் போட்டால், இல்லாத ஒரு மனிதருக்குத் திட்டம் போட்டதாகிவிடும். இந்த வாரம் நல்லவராக வேண்டாம், வழக்கம்போல் இருங்கள்.

வாரக் கடைசியில் மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். அதில் பாதியைத்தான் இலக்குகளுக்கு எடுக்க வேண்டும். மீதி பாதி காய்ச்சல், விருந்தாளி, வெறுமனே உட்கார்ந்திருப்பது, இவற்றுக்கு. எனக்கு 21-இல் 10 கிடைத்தது. உங்களுக்கு நான்குதான் தேறினால் நான்கோடு தொடங்குங்கள். சின்னக் குழந்தையோ நோயாளியோ வீட்டில் இருந்தால் இரண்டு தேறுவதே பெரிது. அதற்காக வெட்கப்பட எதுவும் இல்லை.

2. ஆசைகளை எல்லாம் கொட்டிவிட்டு இரண்டை மட்டும் எடுங்கள்

மூன்று மணி நேர அமர்வு இங்கே தொடங்குகிறது. முதல் அரை மணி நேரம், வாழ்க்கையில் வேண்டும் என்று தோன்றுவதை எல்லாம் எழுதுங்கள். பெரியது, சிறியது, நடக்காதது எல்லாம் வரட்டும்.

பிறகு ஒவ்வொன்றின் எதிரிலும் இந்தக் கேள்வியைப் போடுங்கள்: இதை முடித்த பிறகு யாரிடமும் சொல்ல முடியாது, யாருக்கும் தெரியவும் வராது என்றால், அப்போதும் இதற்காக உழைப்பேனா? இல்லை என்று பதில் வந்தால் அது பெரும்பாலும் அடுத்தவர் கண்ணுக்காக வைத்த இலக்கு. என் பட்டியலில் இருந்த பதினான்கில் ஆறு இந்தக் கேள்வியிலேயே உதிர்ந்தன. அவற்றில் இரண்டு, பத்து வருடமாக நான் சுமந்துகொண்டிருந்தவை. அன்று சாயங்காலம் நெஞ்சு எவ்வளவு லேசாக இருந்தது என்பது இன்னும் நினைவிருக்கிறது.

மிஞ்சியவற்றில் இரண்டே இரண்டு. மற்றவற்றை நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'பிறகு' என்று தலைப்பிட்டு எழுதி மூடிவிடுங்கள். அவை ஓடிப் போய்விடாது. அகலக்கால் வைக்காதீர்கள் என்று பெரியவர்கள் சொன்னதை மதிக்க வேண்டிய இடம் இது. வாரத்துக்கு 10 மணி நேரத்தை ஐந்து இலக்குக்குப் பிரித்தால் ஒன்றுக்கு இரண்டு மணி நேரம். அதில் எதுவும் கண்ணுக்குத் தெரிகிற அளவு வளராது. வளர்ச்சி தெரியாவிட்டால் ஆறாவது வாரம் நாமே விட்டுவிடுவோம்.

நான் எடுத்தவை தேர்வும் அப்பாவும். உடம்பு 'பிறகு' பக்கத்துக்குப் போனது. மருத்துவர் உங்களுக்கு ஏதாவது எச்சரித்திருந்தால் மட்டும் அப்படிச் செய்யாதீர்கள், அதைத்தான் முதலில் வைக்க வேண்டும். கடன் எங்கே போனது என்று ஐந்தாவது படியில் சொல்கிறேன்.

3. இலக்கை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்

இலக்கு அமைப்பதைப் பற்றிப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த எட்வின் லாக், கேரி லேதம் இருவரின் முக்கியமான முடிவு இது: 'முடிந்த அளவு நன்றாகச் செய்' என்று சொல்வதைவிட, தெளிவான, கொஞ்சம் கடினமான குறி கொடுத்தால் மனிதர்கள் அதிகம் செய்கிறார்கள். ஆகவே 'நன்றாகப் படிப்பேன்' போதாது. எது, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

அதே லேதமும் உடனிருந்தவர்களும் சொன்ன இன்னொன்றை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. முற்றிலும் புதிய, சிக்கலான வேலையாக இருந்தால் பெரிய விளைவைக் குறியாக வைப்பது கெடுக்கவும் செய்யும். அப்போது கற்றலைக் குறியாக வைக்க வேண்டும். உதாரணமாக, இதுவரை ஒரு வரி நிரல் எழுதாதவர் 'ஆறு மாதத்தில் மென்பொருள் வேலை' என்று எழுதுவதைவிட, 'மூன்று மாதத்தில் பத்துச் சிறிய நிரல்களை யார் உதவியும் இல்லாமல் எழுதி ஓட்டிப் பார்ப்பேன்' என்று எழுதுவது நல்லது. வேலைக் கணக்கை அதற்கு அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்பாவைப் பற்றிய இலக்கை எண்ணாக்குவது எனக்குக் கூச்சமாக இருந்தது. அன்புக்கு அளவா என்று தோன்றியது. ஆனால் அளவு வைக்காத ஐந்து வருடத்தில் என்ன நடந்தது என்று பார்த்திருந்தேன். 'வாரம் மூன்று மணி நேரம் அப்பாவோடு, கைபேசி இல்லாமல்' என்று எழுதினேன்.

4. விலையைக் கணக்கிடுங்கள், பிறகு ஒன்றரையால் பெருக்குங்கள்

நான்கு விலைகள் உண்டு: நேரம், பணம், எதை விடப்போகிறீர்கள், உங்களோடு வேறு யார் சேர்ந்து விலை கொடுக்கிறார்கள். நான்கையும் இலக்குத் தாளில் வாக்கியத்துக்குக் கீழே எழுதுங்கள்.

பணத்தில் கட்டணம் மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். புத்தகம், பயணம், ஒருமுறை தவறினால் மறுபடி கட்ட வேண்டிய தொகை, இதற்காக விடுப்பு எடுத்தால் குறையும் சம்பளம் எல்லாம் சேர வேண்டும். எந்தச் சான்றிதழ் கேட்பார்கள், அது கையில் வர எத்தனை நாள் ஆகும், விண்ணப்பக் கடைசித் தேதி எப்போது என்பதையும் இன்றே பார்த்து எழுதிவிடுங்கள். படிப்பு முழுக்க முடித்துவிட்டு, பெயரில் ஓர் எழுத்து வித்தியாசமாக இருந்ததால் ஒரு வாய்ப்பை நான் இழந்தேன். அந்தத் திருத்தத்துக்கு ஏழு வாரம் பிடித்தது.

நேரத்தைப் பற்றி. டேனியல் கானமன், ஏமோஸ் ட்வர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 1979-இல் ஒரு பிழையை விவரித்தார்கள்: மனிதர்கள் தங்கள் வேலை முடிய ஆகும் காலத்தைத் தொடர்ந்து குறைத்தே மதிப்பிடுகிறார்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில் 37 உளவியல் மாணவர்களிடம், உங்கள் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாம் மோசமாகப் போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். மோசமான நிலையைக் கற்பனை செய்து சொன்ன கணக்கும் போதவில்லை.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, அதே வேலையை ஏற்கெனவே முடித்த இரண்டு மூன்று பேரிடம், உங்களுக்கு எவ்வளவு காலம் ஆனது என்று கேட்பது. உங்கள் திறமையைப் பற்றிய நம்பிக்கையைவிட அவர்கள் அனுபவம் சரியான எண்ணைத் தரும். இன்னொன்று, நீங்கள் போட்ட கணக்கை ஒன்றரையால் பெருக்குவது.

என் கணக்கைக் காட்டுகிறேன். தேர்வுக்கு 300 மணி நேரம் போதும் என்று நினைத்தேன். பழைய நோட்டுகளில் 'ஆறு மாதம்' என்று எழுதியிருந்தேன். ஆறு மாதம் என்றால் 26 வாரம், வாரத்துக்கு 11 மணி நேரத்துக்கும் மேல் வேண்டும். என்னிடம் இரண்டு இலக்குக்கும் சேர்த்தே 10-தான் இருந்தது. அதாவது அந்த இலக்கு எழுதிய நாளிலேயே நடக்க முடியாததாக இருந்திருக்கிறது, ஐந்து முறையும். தேர்வுக்கு வாரம் 7 மணி நேரம் ஒதுக்கி, 300-ஐ 450 ஆக்கியதும் 64 வாரம் வந்தது. ஏறக்குறைய பதினைந்து மாதம். அந்த எண்ணைப் பார்த்ததும் முதலில் மனம் சோர்ந்தது. ஆனால் அதுதான் என் நோட்டில் நான் எழுதிய முதல் உண்மையான தேதி.

5. வாரக் கணக்கைத் தினசரிப் பழக்கமாக உடையுங்கள்

முதலில் ஒன்றைப் பிரித்துவிடுங்கள். எல்லா இலக்குக்கும் பழக்கம் தேவையில்லை. சில ஒரே ஒருமுறை செய்ய வேண்டிய வேலைகள். கடன் எனக்கு அப்படித்தான் தீர்ந்தது. சம்பளம் வந்த மறுநாள் ஒரு குறிப்பிட்ட தொகை தானாகவே கடன் கணக்குக்குப் போகும்படி ஏற்பாடு செய்தேன். 40 நிமிட வேலை. ஐந்து வருடமாகத் 'தினமும் சிக்கனமாக இருப்பேன்' என்று நான் செய்த முயற்சி எல்லாம் சேர்ந்து செய்யாததை அது செய்தது. மருத்துவப் பரிசோதனைக்கு நேரம் குறிப்பது, படிவம் நிரப்புவது, ஒரு செயலியை நீக்குவது, இவையும் அதே வகை. நாட்காட்டியில் தேதி போட்டு முடித்துவிட்டு மறந்துவிடுங்கள்.

உண்மையிலேயே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியவற்றுக்கு மட்டும் பழக்கம். அதை எழுத ஒரு வடிவம் இருக்கிறது: 'இது முடிந்ததும், இந்த இடத்தில், இதைச் செய்வேன்.' பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இந்த வகைத் திட்டத்தை நீண்ட காலம் ஆராய்ந்தார். 94 சோதனைகளின் முடிவுகளை 2006-இல் தொகுத்துப் பார்த்தபோது, இப்படி எப்போது, எங்கே, என்ன என்று முன்பே எழுதியவர்கள், வெறும் எண்ணத்தோடு நின்றவர்களைவிடத் தெளிவாகவே அதிகம் செய்து முடித்திருந்தார்கள்.

என் இரண்டு வாக்கியங்கள் இவை. 'காலையில் பல் துலக்கி முடித்ததும், மேசையில் உட்கார்ந்து, நேற்று வைத்த பக்கத்தில் ஒரு கணக்குப் போடுவேன்.' 'சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும், கைபேசியை அலமாரியில் வைத்துவிட்டு, அப்பா அருகில் போய் உட்காருவேன்.'

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, மணி சொல்லவில்லை. 'காலை 5.30-க்கு' என்று எழுதினால் ஒருநாள் 5.50-க்கு எழுந்ததும் திட்டம் உடைந்துவிட்டதாகத் தோன்றும். பல் துலக்குவது எந்த நாளும் தவறாது, அதோடு கட்டிவிட்டால் இதுவும் தவறாது. இரண்டாவது, 'ஒரு மணி நேரம் படிப்பேன்' என்று சொல்லவில்லை, ஒரு கணக்குதான். பெரும்பாலான நாட்களில் ஒரு மணி நேரம் ஓடிவிடும், ஓடாத நாளில் ஒரு கணக்கோடு எழுந்துவிடலாம், அப்போதும் அந்த நாள் கணக்கில் சேரும். மூன்றாவது, இரண்டு பழக்கத்தையும் ஒரே நாளில் தொடங்கவில்லை. எளிதான அப்பா பழக்கத்தை முதலில், அது ஓரளவு ஊறிய பிறகு மூன்று வாரம் கழித்துப் படிப்பை.

எத்தனை நாளில் பழக்கம் ஊறும்? 21 நாள் என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். அதை நம்பி 22-ஆவது நாள் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறதே என்று விட்டவர்களில் நானும் ஒருவன். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவும் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து செய்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர சராசரியாக 66 நாள் ஆனது. ஆளையும் செயலையும் பொறுத்து 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது (12 வாரத்தைத் தாண்டிய எண்கள், அதுவரை பதிவான போக்கை வைத்துக் கணக்கிட்ட மதிப்பீடு). தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல்கள் சீக்கிரம் ஊறின, உடற்பயிற்சி அதிக நாள் எடுத்தது. அதனால்தான் இந்த வழிகாட்டியில் சுற்று 90 நாள். இரண்டாவது மாதத்திலும் உங்களை இழுத்துக்கொண்டு போய் மேசையில் உட்கார வைக்க வேண்டியிருந்தால், உங்களிடம் கோளாறு எதுவும் இல்லை. காலம் இன்னும் ஆகவில்லை, அவ்வளவுதான்.

6. வீட்டையும் ஆட்களையும் முந்தின வாரமே தயார் செய்யுங்கள்

காலையில் புத்தகத்தைத் தேட வேண்டியிருந்தால் படிக்கமாட்டீர்கள். இரவே மேசையில் பக்கத்தைத் திறந்து, பேனாவை மேலே வைத்துவிட்டுப் படுங்கள். கைபேசி வேறு அறையில் உறங்கட்டும். அலாரத்துக்கு அது வேண்டுமே என்றால் ஒரு சாதாரணக் கடிகாரம் போதும். விட நினைக்கும் பழக்கத்துக்கு இதையே திருப்பிப் போடுங்கள்: அதைத் தொடங்க இரண்டு மூன்று படி கூடுதலாக ஏறும்படி செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் போட வேண்டிய செயலியை நாம் குறைவாகவே திறக்கிறோம்.

வீட்டில் இருப்பவர்களிடம் 'நான் மாறப்போகிறேன், ஆதரவு கொடுங்கள்' என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. என்ன வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள். 'காலையில் அந்த ஒரு மணி நேரம் மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க. அதுக்குப் பதிலா ராத்திரி பாத்திரத்தை நான் பார்த்துக்கிறேன்.' நான்காவது படியில் எழுதிய நான்காவது விலை இதுதான். உங்கள் இலக்குக்காக வேறொருவர் கூடுதல் வேலை செய்கிறார் என்றால் அதை வாய்விட்டுச் சொல்லி, ஈடாக ஒன்றைக் கொடுங்கள். அப்படிக் கொடுக்காத திட்டம் வீட்டுச் சண்டையில்தான் முடியும்.

ஊர் முழுக்கச் சொல்லலாமா? வேண்டாம் என்பது என் கருத்து. கோல்விட்சரும் உடனிருந்தவர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 'நான் இப்படிப்பட்டவன் ஆகப்போகிறேன்' என்ற எண்ணத்தை மற்றவர் கவனித்துவிட்டால், அதற்கான உழைப்பு குறைந்ததைக் காட்டினார்கள். பாராட்டு முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது. ஆனால் செய்து முடித்ததைச் சொல்வது வேறு. உங்கள் நலனில் அக்கறை உள்ள ஒரே ஒருவருக்கு வாரம் ஒருமுறை, 'இந்த வாரம் ஏழில் ஐந்து நாள்' என்று ஒரு வரி அனுப்புங்கள். அது உதவும்.

7. தினமும் ஒரு குறி, வாரம் 20 நிமிடம்

கட்டம் போட்டு, செய்த நாளில் ஒரு குறி இடுங்கள். அந்தக் கட்டம் கண்ணில் படுகிற இடத்தில் இருக்க வேண்டும். முன்னேற்றத்தைக் கண்காணிப்பது பற்றிய 138 ஆய்வுகளை 2016-இல் தொகுத்தபோது, கண்காணிப்பவர்கள் இலக்கை அதிகம் எட்டுவதும், மனதில் வைத்துக்கொள்ளாமல் எழுதி வைத்தால் பலன் இன்னும் கூடுவதும் தெரிந்தது.

எதைக் குறிக்கிறோம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். எடை, மதிப்பெண், வருமானம் இவை உங்கள் கையில் முழுசாக இல்லை. மேசையில் உட்கார்ந்தீர்களா, நடந்தீர்களா என்பது உங்கள் கையில் இருக்கிறது. தினமும் அதைக் குறியுங்கள், விளைவை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

வார முடிவில் மூன்று கேள்விகள். எத்தனை மணி நேரம் திட்டமிட்டேன், எத்தனை நடந்தது? நடக்காத நாட்களில் அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது? அடுத்த வாரம் எந்த ஒன்றை மாற்றுவேன்? இரண்டாவது கேள்விக்கு 'சோம்பல்' என்று எழுதக் கூடாது. நான் ஐந்து வாரம் அப்படித்தான் எழுதினேன். ஆறாவது வாரம் உட்கார்ந்து யோசித்ததும்தான் தெரிந்தது, தவறிய நாட்கள் எல்லாம் முந்தின இரவு பதினொன்றுக்கு மேல் படுத்த நாட்கள். காலைப் படிப்பில் இருந்த சிக்கலுக்கு மருந்து இரவில் இருந்தது.

8. தவறும் நாளுக்கு முன்கூட்டியே எழுதி வையுங்கள்

தவறும், நிச்சயம் தவறும். லாலியின் ஆய்விலேயே ஒருநாள் விட்டுப்போனது பழக்கம் ஊறுவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. பாதிப்பது, 'போச்சு, எல்லாம் போச்சு' என்று நாம் மனதுக்குள் சொல்லிக்கொள்வதுதான். அதனால் இலக்குத் தாளின் அடியில் இப்படி ஒரு வரி எழுதுங்கள்: 'ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் மிகச் சிறிய அளவை மட்டும் செய்வேன். விட்டதை ஈடுகட்ட முயலமாட்டேன்.' இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்டப் போய் மூன்றாவது நாளும் களைத்து விழுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

நீண்ட இடைவெளி விழுந்துவிட்டால், திங்கட்கிழமை, மாதப் பிறப்பு, பிறந்தநாள் போன்ற ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள். அப்படிப்பட்ட நாட்களுக்குப் பிறகு மக்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்கு அதிகம் போவதை 2014-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் இன்று செவ்வாய்க்கிழமை, அடுத்த திங்கள் வரட்டும் என்று ஆறு நாளைத் தூக்கிப் போடாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் 1953-இல் படித்தவர்களில் இலக்கை எழுதி வைத்த 3 சதவீதத்தினர், பிற்காலத்தில் மற்ற 97 சதவீதத்தினரைவிட அதிகம் சம்பாதித்தார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. அப்படி ஓர் ஆய்வு நடந்ததாகத் தேடியவர்கள் யாருக்கும் கிடைக்கவில்லை. எழுதினாலே நடந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என்னிடம் எழுதிய நோட்டு ஐந்து இருந்தது.

9. 90-ஆவது நாள்: தொடர்வதா, மாற்றுவதா, விடுவதா

இந்தத் தேதியை முதல் நாளே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். இடையில், மனம் சோர்ந்த ஒரு ராத்திரியில் இலக்கை விடும் முடிவை எடுக்கக் கூடாது. அன்றைக்கு என்ன தோன்றினாலும் எழுதி வையுங்கள், முடிவு 90-ஆவது நாளில்.

அன்று கட்டத்தைப் பாருங்கள். பத்தில் ஏழு நாளுக்கு மேல் குறி இருந்தால் பழக்கம் பிடித்துவிட்டது, தொடரலாம். நான்கு முதல் ஏழுக்குள் இருந்தால் இலக்கு சரி, அதைக் கட்டிய இடம் தவறு. வேறு வேளை, வேறு தொடக்கம் பாருங்கள். நான்குக்குக் கீழே இருந்தால் இரண்டாவது படியின் கேள்வியை மறுபடி கேளுங்கள். இந்த எல்லைகள் நான் எனக்காக வைத்துக்கொண்டவை, உங்களுக்கு ஏற்றபடி மாற்றலாம். ஆனால் முதல் நாளே எழுதிவிடுங்கள், பின்னால் வளைக்காதீர்கள்.

விடுவது என்று முடிவானால் முழுசாக விடுங்கள். புத்தகத்தை யாருக்காவது கொடுங்கள், அந்த மணி நேரத்தை வேறொன்றுக்கு எழுதுங்கள். பாதி விட்ட இலக்கு மேசையின் மூலையில் இருந்துகொண்டு தினமும் குற்ற உணர்ச்சியைத் தரும்.

ஒவ்வொன்றையும் தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால், என் முதல் 90 நாளில் படிப்புக்கு 55 குறி, அப்பாவுக்கு 78. படிப்பைக் காலையிலிருந்து மதிய இடைவேளைக்கு மாற்றினேன், இரண்டாவது சுற்றில் அது 70-ஐத் தாண்டியது. அப்பாவின் வரிசையில் எதையும் மாற்றவில்லை. இப்போதெல்லாம் செருப்புச் சத்தம் கேட்டதும் அவரே இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிடுகிறார்.

அடுத்த சுற்றைத் தொடங்கும் முன் ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். அந்த வாரத்தில் இரண்டு மணி நேர அலாரத்தை மறுபடி வைத்து நேரப் பதிவை எடுங்கள். வேலை, வீடு, உடல்நிலை எல்லாம் மூன்று மாதத்தில் மாறியிருக்கும், பழைய 168-இன் கணக்கு செல்லாது. புதிய கணக்கு கையில் வந்ததும் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, 'பிறகு' பட்டியலில் எதற்கு இடம் இருக்கிறது என்று பாருங்கள்.